அப்பாவின் கம்பளிக் கோட்டு

நவ. 22, சனி

விடியலிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. ஹாலில் குறுக்கே கொடி கட்டி, ஃபேனுக்குக் கீழே என் வீட்டுக்காரரின் யூனிபார்ம்.

கோட்டு வந்துவிட்டது.

இவர் முதல் ஷிப்ட் முடிந்து வரும்போது கையில் உரச்சாக்கு. "உன் தம்பி பஜார்ல நின்னுகினு இருந்தான். நிவேதா கேட்டாளாம், குடுத்துடுங்கன்னான்." அவ்வளவுதான். வேறு ஏதாவது சொன்னானா என்று கேட்கவில்லை. சேகர் என்னோடு பேசி இரண்டு வருடம். இவரோடு பேசுவான். என் மகள் நிவேதாவோடு பேசுவான்.

சாக்கைப் பிரித்ததும் ஒரு நெடி. அந்துருண்டை, எலிப் புழுக்கை, ஈரச் சுவர், மூன்றும் சேர்ந்து. அப்பாவின் கோட்டுதான். அடர் சாம்பல் நிறம், முழங்காலுக்குக் கீழே வரும் நீளம், கழுதைப் பாரம். அப்பா நிலக்கரி மைன்ஸில் மண் வெட்டும் பக்கெட் வீல் மெஷின் ஓட்டியவர். நான் சின்னவளாக இருந்தபோது டிரெயினிங்குக்கு ஜெர்மனி அனுப்பினார்கள். அங்கே குளிர் தாங்காமல் பழைய துணிச் சந்தையில் வாங்கியது. வாங்கும்போதே பழசு. இங்கே வந்த பிறகு தை மாத நைட் ஷிப்டுக்கு மட்டும் போடுவார். பஸ்ஸில் எல்லோரும் கோட்டுக்காரர் என்றே கூப்பிடுவார்கள்.

நிவேதா நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போகிறாள். ஜனவரியில். விசா வந்துவிட்டது. புதுக் கோட்டு வாங்கித் தருகிறேன் என்றால் கேட்கவில்லை. "தாத்தா போட்டதுதாம்மா வேணும். ஸ்வெட்டர் எது வேணும்னாலும் வாங்கிக் குடு, கோட்டு அதுதான்."

முதுகில் தண்ணீர் இறங்கிய கறை. நடுவில் பழுப்பாய் ஒரு நதி போல. தோளில் வெள்ளைப் பூஞ்சணம். பட்டன் இரண்டு இல்லை. இப்படியா வைத்திருப்பான்?

பால் நாளைக்கு ஒரு பாக்கெட் அதிகம். கேஸ் புக் பண்ண வேண்டும்.


நவ. 23, ஞாயிறு

மழை விட்டது. வெயில் இல்லை, வெளிச்சம் மட்டும்.

பின்பக்கம் கொடியில் தொங்கவிட்டு, துணி பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தேய்த்தேன். வேறு மாதிரி தேய்த்தால் மயிர் எழும்புமாம், போனில் வீடியோ பார்த்தேன். பூஞ்சணம் பொடியாக உதிர்ந்தது. மூக்கில் துண்டு கட்டிக்கொண்டேன். காலருக்கு அடியில் அரிசி மாதிரி நாலைந்து. ஒன்று நெளிந்தது. அந்துப்பூச்சிப் புழு. பக்கத்திலேயே பொட்டுப் பொட்டாக ஓட்டை.

பிளவுஸ் தைத்து இருபது வருடம் ஆகிறது. பட்டு தெரியும், பருத்தி தெரியும், பாலியஸ்டர் தெரியும். கம்பளி தெரியாது. இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? மந்தாரக்குப்பம் டிரைகிளீனிங் கடைக்கு இவர் கொண்டுபோய்க் கேட்டு வந்தார். அவர்கள் ஒரு முனையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எங்களுக்கு வேணாங்க, ஏதாவது ஆச்சுன்னா பதில் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டார்களாம்.

வெந்நீரில் போட்டால் புழு சாகும், ஆனால் கோட்டும் சுருங்கும். வீடியோவில் சொன்ன வழி ஃப்ரீசர். பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி உறைய வைக்க வேண்டும். எங்கள் ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டு வைக்கவே இடம் இல்லை.

ஸ்டெல்லா ஞாபகம் வந்தது. என்னிடம் பிளவுஸ் தைக்கக் கொடுப்பவள், பேக்கரி வைத்திருக்கிறாள், ஐஸ்கிரீம் பெட்டி பெரிது. கேட்கவே கூச்சம். அவள் சிரித்துவிட்டு, "மழையில எவங்க்கா ஐஸ்கிரீம் கேக்குறான், பாதிப் பெட்டி காலிதான். கொண்டாங்க" என்றாள்.

மூன்று கறுப்புப் பை. ஒன்றுக்குள் ஒன்று. கோன் ஐஸ்கிரீம்களுக்கு நடுவில் அப்பாவின் கோட்டைப் படுக்க வைத்து மூடினோம்.

மூடும்போது என்னவோ போல் இருந்தது.


நவ. 26, புதன்

ஸ்டெல்லா போன். பெட்டியைத் திறந்த ஒரு ஆள் பையைப் பார்த்து கறியா என்று கேட்டாராம். "இல்லீங்க, கோட்டுன்னு சொன்னேன். என்னை ஒரு மாதிரி பாத்துட்டு பன்னு மட்டும் வாங்கினு பூட்டாரு."

சிரித்தேன். பிறகு உட்கார்ந்து மூன்று பிளவுஸுக்கு ஹூக் வைத்தேன். கை வேலை செய்தது, நினைப்பு எங்கோ.

அப்பாவுக்கு மூச்சுத் திணறல் முற்றியபோது ஆஸ்பத்திரியில் நான் மட்டும். சேகர் அப்போது லாரி ஓட்டிக்கொண்டு ஆந்திராவில். டாக்டர் இரண்டே வழி சொன்னார். தொண்டையில் டியூப் போட்டு மெஷினில் வைக்கலாம், அல்லது வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். டியூப் போட்டாலும் எழுந்து வருவார் என்று சொல்ல முடியாது. அப்பா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "வூட்டுக்குப் போலாம்" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். கம்மாபுரத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கஞ்சி குடித்தார். மறுநாள் காலை போய்விட்டார். சேகர் வந்தது மதியம்.

"நான் வர்ற வரைக்கும் மிஷின்ல வச்சிருக்கலாம் இல்ல. ஒரு நாளு. உயிரோட மூஞ்சி பாத்திருப்பேன் இல்ல." எல்லோர் முன்னாலும் சொன்னான். அதன் பிறகு என்னோடு பேச்சே இல்லை.

அவன் சொன்னது தப்பு என்று எனக்கு நிச்சயம் இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பேன். நிச்சயம் இல்லை. அதுதான்.

ரசத்தில் உப்பு அதிகம் என்றார் இவர்.


நவ. 28, வெள்ளி

பையை எடுத்து வந்தேன். பலகை மாதிரி விறைப்பு. குளிர் விடும்வரை பையைத் திறக்கக்கூடாது. காத்திருந்து, திறந்து, மறுபடி பிரஷ். புழு எல்லாம் செத்திருந்தது. தூசியோடு தூசியாய் விழுந்தது. பெரிய நிம்மதி.

ஆனால் நெடி போகவில்லை. நாடகக் கம்பெனிகளில் பழைய உடுப்புக்கு வோட்கா தெளிப்பார்களாம், தண்ணீர் கலந்து. அதே வீடியோ. இவரிடம் சொன்னேன். குடிப்பழக்கம் இல்லாத மனுஷன். கடை வாசல் வரை போய், தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்து, இரண்டு தரம் திரும்பி வந்தார். மூன்றாவது தரம் வாங்கி, சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார். "எங்க செக்ஷன் ஃபோர்மேன் பாத்துட்டாரு. கோட்டுக்குன்னு சொன்னேன். எல்லாரும் அப்டிதான்யா சொல்றான்னுட்டுப் போறாரு."

மல்லிகைச் செடிக்கு மருந்து அடிக்கும் குப்பியைக் கழுவி அதில் ஊற்றித் தெளித்தேன். எலி நெடி போயிற்று. அந்துருண்டை பாதி. முதுகுக் கறை அப்படியே. அது தண்ணீரில் வந்தது, தண்ணீரில்தான் போகும் போல. முழுக் கோட்டையும் நனைப்பதா? கெட்டுப்போனால் நிவேதா ஒன்றும் சொல்ல மாட்டாள். சேகர்?

இதையும் அக்காதான் முடிவு பண்ணினாள் என்பான்.


நவ. 30, ஞாயிறு

மேகமூட்டம். மதியத்துக்கு மேல் பலத்த மழை. கரன்ட் போய்ப் போய் வந்தது.

நேற்று கோட்டின் பெல்ட்டை மட்டும் முதலில் பரீட்சை பார்த்தேன். கழற்றி எடுக்கக்கூடியதுதானே. வெதுவெதுப்பான தண்ணீர், துணி சோப்பு, சேலைக்குத் தேய்ப்பதுபோல் நன்றாகத் தேய்த்தேன். கறுப்புத் தண்ணீர் இறங்கியது. அழுக்கு போகிறது என்று சந்தோஷம்.

இன்று காய்ந்த பிறகு பார்த்தால் ஒரு சாண் குறைந்திருந்தது. தடித்து, மொத்தையாக, செருப்புத் தோல் மாதிரி.

அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். முழுக் கோட்டையும் போட்டிருந்தால்? வெதுவெதுப்பு என் கைக்குத்தான் வெதுவெதுப்பு. தேய்த்ததுதான் பெரிய தப்பு. பச்சைத் தண்ணீர், குழந்தை ஷாம்பு, அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும், தேய்க்கவே கூடாது. இப்போதுதான் புத்தி வருகிறது. பெல்ட் போனது போகட்டும். கோட்டு தப்பித்தது.

இவர் சேகருக்குப் போன் போட்டு இரண்டு பட்டன் காணவில்லை, டிரங்குப் பெட்டியில் பார் என்றார். நான் பக்கத்தில் நின்று காய் நறுக்குவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் அவன் குரல். "தேடிப் பாக்குறேன் மாமா. கோட்டு மோசமா இருக்குதா? ஓடு ஒழுவுச்சு, பெட்டி மேல தண்ணி எறங்கினது எனக்குத் தெரியவே இல்ல. பாத்தப்பதான்..." அதற்கு மேல் இவர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டார்.

மோசமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் குரலைக் கேட்ட பிறகு, இப்படியா வைத்திருப்பான் என்று எழுதியதை அடித்துவிடலாம் போல இருந்தது. அடிக்கவில்லை.


டிச. 2, செவ்வாய்

லைனிங் முழுவதும் பிரித்தேன். பிளேடு இல்லாமல், சின்னக் கத்தரியால் ஒவ்வொரு தையலாக. உள்ளே தோளில் வைத்த பஞ்சு, மார்புக்கு வைத்த கெட்டித் துணி. அதெல்லாம் நனைந்தால் தனித்தனியாகச் சுருங்கி இழுக்கும். எடுத்து வரிசையாக வைத்து, எது எங்கே என்று போனில் படம் பிடித்துக்கொண்டேன். தைத்தவன் யாரோ, கை ஒரே சீர். எனக்குக்கூட இப்படி வராது.

லைனிங் தனியாக அலசிப் போட்டேன். சாயம் போகவில்லை. உள்பாக்கெட் ஓரத்தில் சின்னத் துணிச்சீட்டு, இங்கிலீஷ் மாதிரி எழுத்து. சைஸாக இருக்கும்.

அளவும் எடுத்துக்கொண்டேன். முதுகு அகலம், கை நீளம், மொத்த உயரம். சுருங்கினால் தெரிய வேண்டும்.

வானிலையில் நாளையும் மறுநாளும் மழை இல்லை என்கிறார்கள். நாளை நனைக்கிறேன்.


டிச. 3, புதன்

எழுத நிறைய. எங்கே ஆரம்பிப்பது.

இவர் முதல் ஷிப்ட். நான் பின்பக்கம் பெரிய பிளாஸ்டிக் டப்பில் பச்சைத் தண்ணீர், ஷாம்பு, கோட்டை மெதுவாக அமிழ்த்தினேன். அமிழவே மாட்டேன் என்றது. பிறகு ஒரேயடியாகக் குடித்தது. தண்ணீர் டீ நிறம். கொட்டிவிட்டு மறுபடி. நான்காவது தண்ணீரில்தான் தெளிந்தது. அதுவரைக்கும் நல்லதுதான். எடுக்கப் போனால் தூக்க முடியவில்லை. தண்ணீரோடு ஒரு ஆள் கனம். தோளைப் பிடித்துத் தூக்கினால் அந்த இடம் இழுத்து நீண்டுவிடும். டப்புக்குள் முழங்கை வரை விட்டுத் தாங்கிக்கொண்டு, விடவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் நின்றேன்.

பின் கேட்டில் சத்தம். சேகர். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"பட்டன் கெடச்சுது. மாமா இல்லையா?"

"ஷிப்டு." பிறகு சொன்னேன். "உள்ள வா. ஒரு பக்கம் புடி, தனியாத் தூக்க முடியல."

செருப்பைக் கழற்றினான். பேன்ட்டை மடித்துவிட்டான். டப்பைச் சுற்றி வந்து பார்த்தான். "கையால தூக்காத. பெட்ஷீட்ட அடியில வுட்டு, ஏணை மாதிரி தூக்கலாங்க்கா."

அக்கா என்றான். வாய் தவறி வந்ததா தெரியாது. நான் கவனிக்காததுபோல் பெட்ஷீட் எடுக்க உள்ளே போனேன்.

ஆளுக்கு இரண்டு முனை. தூக்கினோம். அருவியாய்த் தண்ணீர்.

"முறுக்காத."

"எங்க முறுக்குனேன்?"

"முறுக்கற மாதிரி இருந்துச்சு."

"நீ அந்தப் பக்கம் ஒழுங்காப் புடி மொதல்ல."

ஹாலில் நான்கு பெரிய துண்டு விரித்து, கோட்டைப் படுக்க வைத்து, துண்டோடு சேர்த்து உருட்டினோம், பாய் சுருட்டுவதுபோல். அதன் மேல் ஏறி மிதித்தால் துண்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு மிதித்தோம். எனக்கு ஐம்பத்தொன்று, அவனுக்கு நாற்பத்தேழு. யாராவது பார்த்திருந்தால்.

மிதித்துக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"மாமனாரு போன மாசம் பூட்டாரு."

"தெரியும். இவரு வந்தாரு. நான்தான் வரல."

"வரலன்னு சொல்லல." கொஞ்சம் மிதித்தான். "டியூப்பு போட்டாங்க. நான்தான் போடச் சொன்னேன். மலரு, அவ அண்ணனுங்க, எல்லாரும் வந்து பாக்கட்டும்னு. ஒரு வாரத்துக்கு மேல. கை ரெண்டையும் கட்டில்ல கட்டி வச்சிருந்தாங்க, புடுங்கிடுவாருன்னு. எல்லாரும் வந்து பாத்தாங்க. அவரு கண்ணால கெஞ்சினு இருந்தாரு. தண்ணி குடுங்கன்னு கேக்க வாயி இல்ல."

நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன்.

"அப்பா அன்னைக்குக் கஞ்சி குடிச்சாரு இல்ல?"

"குடிச்சாரு. ரெண்டு வாய். ஊறுகா கேட்டாரு."

"ஊறுகாயா?"

"நாரத்தங்கா. நாக்குல வச்சேன்."

சேகர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு, "நீ வூட்டுக்குக் கூட்டினு வந்ததுதாங்க்கா சரி. நேரத்துக்கு வர முடியலன்னு லாரி மேல இருந்த கோவம். உம்மேல காட்டிட்டேன்" என்றான்.

"துண்டு நனைஞ்சு போச்சு, வேற மாத்தணும்" என்றேன். மாற்றினோம். மறுபடி மிதித்தோம்.

நைலான் கட்டிலை ஹாலுக்கு இழுத்துப்போட்டு, கோட்டை அதன்மேல் பரப்பி, கையை விரலால் நீவி நேராக்கினோம். மாடியில் போடலாம் என்றான். வேண்டாம் என்றேன். வெயில் நேரடியாகப் படக்கூடாது. தூசி வேறு. வெள்ளை வேட்டி காயப்போட்டாலே கறுப்புப் பொட்டு விழுகிற ஊர், ஈரக் கம்பளி சும்மா விடுமா?

டீ குடித்தான். இரண்டாவது ஷிப்ட் என்று கிளம்பினான். இப்போது மைன்ஸில் கான்ட்ராக்டில் தண்ணி லாரி ஓட்டுகிறான். லாரி மாறினாலும் லாரிதான் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டேன். அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மூச்சு மட்டும் வயிற்றின் அடிவரை போய் வந்தது. இரண்டு வருடமாக அவ்வளவு தூரம் போனதே இல்லை போல.


டிச. 4, வியாழன்

வீடு முழுக்க நனைந்த ஆட்டு வாசம். மேல் வீட்டு அம்மா மாடிப்படியில் நின்று, "வசந்தி, ஆடு ஏதும் வாங்கியிருக்கீங்களா?" என்றார். கோட்டு என்று சொன்னால் புரியவில்லை. கூட்டி வந்து காட்டினேன்.

ஃபேன் நாள் முழுவதும். மணிக்கொரு தரம் புரட்டிப் போடுகிறேன். கைப்பகுதி இன்னும் ஈரம். இவர் டி.வி. பார்க்க இடமில்லாமல் வாசலில் பேப்பர்.


டிச. 6, சனி

காய்ந்துவிட்டது. டேப்பை எடுக்கவே பயம். முதலில் கை நீளம். கால் இன்ச் குறைவு. முதுகு, அதே அகலம். உயரம், அரை இன்ச் போயிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது தரமும் அளந்தேன். நிஜம்தான்.

முதுகுக் கறை? ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு இல்லை.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகர்ந்து பார்த்தார். "பேபி ஷாம்பு வாசனைதான் வருது. உங்கப்பா மாதிரி இல்ல" என்றார்.

சேகருக்கு நானே போன் செய்தேன். "சுருங்கலடா." "நெசமாவா?" "அரை இன்ச்." "அப்பா எங்க, நிவேதா எங்க. அவளுக்கு அதுவே பெருசாத்தான் இருக்கும்." பிறகு என்ன சமையல் என்று கேட்டான். கீரை என்றேன். வைத்துவிட்டோம்.


டிச. 10, புதன்

ஓட்டைகளை அடைத்தேன். கோட்டின் உள் மடிப்பிலிருந்தே நூல் உருவி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி. அதே நூல் என்பதால் நிறம் மாறவில்லை. ஏழெட்டு ஓட்டை. கண் வலி. பஞ்சு வைத்து, கெட்டித் துணி வைத்து, லைனிங் வைத்து, கைத்தையல். மேலே ஈரத்துணி போட்டு இஸ்திரி, தேய்க்காமல் வைத்து வைத்து எடுத்தேன். பட்டன் வைத்தாயிற்று.

மூன்று வாடிக்கையாளர் பிளவுஸ் எங்கே என்று கேட்டுவிட்டார்கள். நாளை முதல் அதுதான் வேலை.


டிச. 13, சனி

நிவேதா சென்னையிலிருந்து வந்தாள். பையைக்கூட வைக்கவில்லை, கோட்டு எங்கே என்றாள். போட்டுக்கொண்டாள். தோள் கொஞ்சம் இறங்குகிறது, கை விரல் நுனிவரை வருகிறது. குளிருக்கு அதுவே நல்லதாம். வேர்த்து ஊற்றியது, கழற்றவில்லை. பெல்ட்டைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். கழுத்தில் கட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

உள்பாக்கெட்டைத் துழாவியவள் நின்றுவிட்டாள். "அம்மா, இத படிச்சியா?"

"சைஸுன்னு நெனச்சேன்."

"ஜெர்மன்மா. கெமிக்கல் வாஷ், டிரைகிளீனிங் மட்டும்தானாம். தண்ணில நனைக்கவே கூடாதுன்னு போட்டிருக்கு."

இவர் முதலில் சிரித்தார். பிறகு நான். வயிறு வலிக்கும்வரை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று. படித்திருந்தால் நனைத்திருக்க மாட்டேன். நனைத்திருக்காவிட்டால் சேகர் பட்டனைக் கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போயிருப்பான்.


டிச. 14, ஞாயிறு

பளிச்சென்று வெயில். கம்மாபுரம் போனோம். நிவேதா விடைபெற வேண்டும் என்று, நானும்.

அந்த வீட்டுக்குள் நான் கால் வைப்பது அப்பா காரியத்துக்குப் பிறகு இப்போதுதான். தெருமுனையில் கால் தயங்கியது. மலர் வாசலிலேயே நின்றிருந்தாள். "வாங்க அண்ணி. சாப்பாடு ஆயிடுச்சு." வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்து, உங்கப்பா காரியத்துக்கு வர முடியாமல் போய்விட்டது என்றேன். "பரவால்லங்க அண்ணி" என்று என் கையை விடாமலே உள்ளே கூட்டிப்போனாள்.

அப்பா படுத்திருந்த அறையில் இப்போது சேகரின் மகள் படிக்கிறாள். சுவரில் கெமிஸ்ட்ரி அட்டவணை. கட்டில் அதே கட்டில். அதில்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன், தட்டை மடியில் வைத்துக்கொண்டு. பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. மீன் குழம்பு. இரண்டாவது தரம் சோறு வாங்கினேன்.

நிவேதா கோட்டைப் போட்டு மாமாவுக்குக் காட்டினாள். சேகர் மடங்கியிருந்த காலரை மட்டும் நிமிர்த்திவிட்டான். கிளம்பும்போது என்னிடம், "பொங்கலுக்கு வந்துருவ இல்ல?"

"வர்றேன்."

"சொல்லிட்டு வராத இருந்துடாத."

வீட்டுக்கு வந்ததும் படுத்தேன். பகலில் தூங்கி எவ்வளவு காலம். ஷிப்ட் பஸ்கள் போன சத்தம்கூடக் காதில் விழவில்லை. எழுந்தபோது இவர் காபி போட்டு வைத்திருந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். சொல்லவில்லை, குடித்துவிட்டேன்.